கையடக்கப் பற்றவைப்புக் கோல்: எதை வாங்குவது, எதனால் இயக்குவது?

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில், பரண்மேல் ஒரு பெட்டி இருப்பதைப் பலகாலும் கண்டிருக்கிறோம். ஓசை எழாத வானொலி, ஒரு காதில் மட்டும் ஒலிக்கும் காதணிக் கருவி, எரியாத கைவிளக்கு, குழந்தையின் ஓடாத பொம்மை வண்டி முதலியன அதனுள் உறங்கிக் கிடக்கும். “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று வைக்கப்பட்டவை அவை. ஊருக்குப் போகும் நாளிலோ அப்பெட்டியை எவரும் நினைப்பதில்லை. இப்பொருள்களிற் பலவற்றுக்கு நேர்ந்த கேடு மிகச் சிறியது. ஒரு கம்பி தன் இடத்தைவிட்டு விலகியிருக்கும். அல்லது ஓர் இணைப்பு வெடித்திருக்கும். அதனைச் சூடாக்கி, ஒரு துளி பற்றாசு வைத்தால் பொருள் மீண்டும் உயிர்பெறும்.

பற்றாசு என்பது பொற்கொல்லரும் கன்னாரும் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கடைத்தெருவில் அதனையே ‘ஈயம்’ என்கிறோம். அதனை உருக்கி வைக்கும் கருவி ‘சால்டரிங் அயர்ன்’. நாம் அதனைப் பற்றவைப்புக் கோல் என்போம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 வாட் கோல் பலருக்கும் பழக்கமானது. அதனைச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் மாட்டிவிட்டுச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறியபின் அதற்கு நிற்கத் தெரியாது. சும்மா கிடக்கும்போதும் வெப்பம் ஏறிக்கொண்டே சென்று, முனை கருகிப்போகும். இக்குறையை நீக்கும் பொருட்டு அண்மைக் காலத்தில் வந்துள்ளவையே பேனா அளவான ‘ஸ்மார்ட்’ கோல்கள். அவற்றுள் எதனை வாங்குவது, எதனால் இயக்குவது என்பவற்றை இங்கே ஆராய்வோம். இவ்விரண்டாம் வினாவே முதன்மையானது என்பது நாம் பட்டறிந்த உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நாம் குடியிருந்த வரிசையில், குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டுக் கற்பித்துவந்த அம்மையார் ஒருவர் இருந்தார். நவராத்திரிக்கு முதல் நாள் மாலை அவருடைய மின் சுருதிப்பெட்டி வாயடைத்துப் போயிற்று. காலஞ்சென்ற அவர் கணவர் பெங்களூரில் வாங்கித் தந்த பெட்டி அது. “நாளைக்குக் கொலு வைக்கிறேன், தம்பி. பதினொரு குழந்தைகள் பாடப்போகிறார்கள். இதைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கள்” என்றார். திறந்து பார்த்தோம். மின்கம்பி செருகும் துளைக்கு அடியில் ஒரே ஓர் இணைப்பு வெடித்திருந்தது. “இதற்கென்ன அம்மா, ஐந்து நிமிட வேலை” என்று சொல்லி, புதிதாக வாங்கிய கையடக்கக் கோலைப் பெருமையுடன் எடுத்து, கைபேசியின் 18 வாட் சார்ஜரில் செருகினோம்.

கோலின் சிறு திரையில் எண்கள் மெல்ல ஏறி, நாம் வைத்த 320 டிகிரியை எட்டின. இணைப்பைத் தொட்டதுதான் தாமதம், எண்கள் மளமளவென இறங்கின. பற்றாசு உருகி ஓடாமல் கூழ்போற் குழைந்து, முனையையும் பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பொறுமையிழந்து அழுத்தினோம். பலகைமேல் ஒட்டியிருந்த செம்புத் தகடு உரிந்து வந்துவிட்டது. வெடித்த இணைப்பு ஒன்றாக இருந்ததை, அறுந்த பாதையுமாக ஆக்கியவர் நாமே. மறுநாட் கொலுவில் சுருதிப்பெட்டி இல்லை. அம்மையார் தாமே ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்க, குழந்தைகள் பாடினார்கள். அவர் அன்று ஒரு பாட்டும் பாடவில்லை, பாட இயலவில்லை.

இரண்டாம் நாள், நண்பர் ஒருவரின் மடிக்கணினிக்குரிய 65 வாட் சார்ஜரை இரவல் பெற்று, அதே கோலை அதில் இணைத்தோம். சில நொடிகளில் சூடேறிற்று. உரிந்த பாதைக்கு மாற்றாக ஒரு மெல்லிய கம்பியை வைத்துத் தொட்டோம்; மூன்றே நொடியில் பற்றாசு நீர்போல் ஓடிப் பற்றிக்கொண்டது. கோல் அதேதான், கையும் அதேதான். மாறியது அதற்கு ஊட்டிய மின்சாரம் ஒன்றே. ஆயின், இரண்டு சார்ஜர்களுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு எங்ஙனம் வந்தது?

வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஒரு கரண்டி வெந்நீரும் ஓர் அண்டா வெந்நீரும் ஒரே சூட்டில் இருக்கலாம். எனினும், குளிர்ந்த பானையில் ஊற்றினால் கரண்டி நீர் உடனே ஆறிவிடும். அண்டா நீர் பானையையே சூடாக்கும். மின்சுற்றுப் பலகையில் அகன்ற செம்புத் தகட்டோடு சேர்ந்த இணைப்பு, அக்குளிர்ந்த பானையைப் போன்றது. முனை தந்த வெப்பத்தை அது நாற்புறமும் பரப்பிவிடுகிறது. இழந்த வெப்பத்தை உடனுக்குடன் ஈடுசெய்யக் கோலுக்கு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலின் அளவே வாட். திரையில் தோன்றும் டிகிரி, முனையின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். தொட்டபின் தாங்குவது வாட்டே.

கோல் எத்தனை வாட் பெறும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். மின்னழுத்தத்தை அதே எண்ணாற் பெருக்கி, முனையின் மின்தடையால் வகுக்க வேண்டும். பரவலாக வழங்கும் டி.எஸ். 100 வகை முனையின் தடை சுமார் 8 ஓம். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது 3 வாட்; 9 வோல்ட்டில் 10 வாட்; 12 வோல்ட்டில் 18 வாட்; 15 வோல்ட்டில் 28 வாட்; 20 வோல்ட்டில் 50 வாட்; 24 வோல்ட்டில் 72 வாட். அழுத்தம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இக்கணக்கின் சாரம். நம் கைபேசிச் சார்ஜரின்மேல் 18 வாட் என்று அச்சிட்டிருந்தது உண்மையே. ஆனால் அது 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் தருவது. 8 ஓம் முனை அந்த 9 வோல்ட்டில் 10 வாட்டுக்கு மேல் உறிஞ்ச இயலாது. மடிக்கணினிச் சார்ஜர் 20 வோல்ட் தந்தமையால் 50 வாட் கிடைத்தது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடு!

ஆகவே சார்ஜர் வாங்கும்போது பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணைக் கண்டு மயங்காமல், அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்ட வரியைப் படிக்க வேண்டும். யு.எஸ்.பி. ‘சி’ துளையின் வழியே மின்சாரம் வழங்குவதற்கு ‘பவர் டெலிவரி’, சுருக்கமாகப் பி.டி., என்னும் பொதுமுறை ஒன்று உண்டு. அம்முறையில் சார்ஜரும் கோலும் முதலில் தமக்குள் ஓர் உரையாடல் நிகழ்த்துகின்றன. “என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் உள்ளன” என்று சார்ஜர் அறிவிக்கிறது. “எனக்கு 20 வேண்டும்” என்று கோல் கேட்கிறது. அதன்பின்னரே அழுத்தம் உயர்கிறது. உரையாடல் நிகழாவிடில் வெறும் 5 வோல்ட்தான் வரும். சார்ஜரின் முதுகில் “20 வோல்ட், 3 ஆம்பியர்” அல்லது “20 வோல்ட், 3.25 ஆம்பியர்” என்ற வரி இருந்தால் அது நமக்கு ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கைபேசி நிறுவனங்கள் தமக்கே உரிய தனிமுறையில் விரைவாக மின்னேற்றுகின்றன. அத்தகைய சார்ஜரின்மேல் 60, 80 என்று வாட் எண் இருப்பினும், அது அந்நிறுவனத்தின் கைபேசியோடு மட்டுமே முழுமையாகப் பேசும். பிறகருவியைக் கண்டால் குறைந்த அழுத்தத்தையே தரும். வீட்டில் உள்ள சார்ஜர் போதும் என்று முடிவு செய்யுமுன் இதனைச் சோதித்தறிக. புதிதாக வாங்குவோர், இந்தியத் தர நிர்ணய அமைப்பாகிய பி.ஐ.எஸ்.-இன் பதிவுக் குறியும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ள சார்ஜரையே கேட்டு வாங்குதல் நன்று.

சார்ஜர் நன்றாயினும் கேபிள் கெடுத்துவிடக்கூடும். சாதாரண ‘சி’ கேபிள் 3 ஆம்பியர் வரையே சுமக்கும். அதற்கு மேற்பட்டால், தன் திறனைச் சார்ஜருக்கு அறிவிக்கும் சிறு சில்லு பொதிந்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. 8 ஓம் முனைக்கு 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியரே செல்லுமாதலால் சாதாரணக் கேபிள் போதும். சுமார் 6 ஓம் தடையுள்ள குட்டை முனைகளோ 3 ஆம்பியருக்குச் சற்று மேலாகக் கேட்கும். அவற்றுக்கு 5 ஆம்பியர் கேபிளே உரியது. கேபிளின் உறை சிலிக்கான் ரப்பராக இருந்தால் இரட்டை நன்மை. அது துவண்டு கொடுப்பதால் கையை இழுக்காது. சூடான முனை தவறிப் பட்டாலும் எளிதில் உருகாது.

யு.எஸ்.பி. அன்றி வேறு வழிகளும் உள. டி.எஸ். 100, பைன்சில் முதலிய கோல்களில் வட்டமான டி.சி. துளை இருக்கிறது, 12 முதல் 24 வோல்ட் வரை அது ஏற்கும். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அதனையே பயன்படுத்தலாம். 8 ஓம் முனைக்கு அதில் 45 வாட் கிடைக்கும். செருகியின் வெளிவிட்டம் 5.5, உள்விட்டம் 2.5 மில்லிமீட்டர் உள்ளதா, நடுமுனை நேர்மின் முனையா என்பவற்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்க. இரண்டு துளைகளும் உள்ள கோலில் இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் செலுத்தலாகாது. மோட்டார் காரின் 12 வோல்ட் துளையிலிருந்தும் இயக்கலாம். ஆனால் 18 வாட்டே கிடைக்குமாதலால் மெல்லிய கம்பிகளுக்கு மட்டும் அது உதவும். பறக்கும் பொம்மைகளின் லித்தியம் மின்கல அடுக்கைச் சிலர் இணைப்பதுண்டு. ஆறு கலம் கொண்ட அடுக்கு முழுமையாக மின்னேறிய நிலையில் 25.2 வோல்ட் தரும். 24 வோல்ட் வரம்புடைய கோலுக்கு அது கேடு.

மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் வாழ்வோருக்கும், ஆண்டுக்கோர் இடமாற்றம் காண்போருக்கும் உற்ற துணை பவர் பேங்க். அதிலும் 20 வோல்ட் பி.டி. வெளிப்பாடு உள்ளதா என்பதே முதற்கேள்வி. பலவும் 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். 20,000 மில்லியாம்பியர்-மணி என்று எழுதியுள்ள பவர் பேங்கின் உண்மையான சேமிப்பு, 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. அழுத்தத்தை உயர்த்துவதில் ஒரு பகுதி வீணாகும். இடைவிட்டு வேலை செய்யும்போது கோல் சராசரியாக 15 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், ஏறக்குறைய நான்கு மணி நேரம் உழைக்கலாம். கோல் உறங்கும் வேளையில் மிகக் குறைந்த மின்னோட்டமே செல்வதால், வேலை முடிந்ததெனக் கருதிப் பவர் பேங்க் தானே அணைந்துவிடுவதும் உண்டு, அது பழுதன்று. விமானத்தில் செல்வோர் பவர் பேங்கைக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைத்தல் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதாயின் பொதுவாகத் தடை இராது. கோலையோ சரக்குப் பெட்டியில் இடுவதே தொல்லையற்ற வழி.

இனிக் கோலின் தேர்வுக்கு வருவோம். ‘ஸ்மார்ட்’ என்னும் அடைமொழி எதனைக் குறிக்கிறது? முனைக்குள்ளேயே சூடேற்றும் கம்பியும், வெப்பத்தை உணரும் உறுப்பும் சேர்ந்துள்ளன. கைப்பிடிக்குள் உள்ள சிறு கணிப்பி, ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்தி வெப்பத்தை அளக்கிறது. குறைந்திருப்பின் மறுகணம் செலுத்துகிறது. ஒரு நொடிக்குள் இவ்வாறு பன்முறை செய்கிறது. அசைவை உணரும் உறுப்பும் உண்டு. கோலைக் கீழே வைத்துவிட்டு நாம் அடுக்களைப் பக்கம் போய்விட்டால், சற்றுநேரத்தில் அது வெப்பத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது; மீண்டும் எடுத்தால் விழித்துக்கொள்கிறது. ஒற்றை அறையில் குழந்தைகளோடு குடியிருப்போருக்கு இவ்வொரு குணமே விலைக்கு ஈடாகும்.

மினிவேர் நிறுவனத்தின் டி.எஸ். 100 இவ்வகையில் முன்னோடி, டி.சி. துளை மட்டும் உடையது. அதே நிறுவனத்தின் டி.எஸ். 101 யு.எஸ்.பி. வழியும் ஏற்கும். பைன்64 நிறுவனத்தின் பைன்சில் 2020-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் வடிவம் 2022-இல் வந்தது. இதுவும் இரு துளைகளும் கொண்டது. இதனை இயக்கும் ‘அயர்ன் ஓ.எஸ்.’ என்னும் மென்பொருள், எவரும் பார்த்துத் திருத்தும் உரிமையுடன் வெளியிடப்பட்டிருக்கிறது. டி.எஸ். 100 முனைகள் இதற்கும் பொருந்தும். பெயர் எதுவாயினும் வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. அது 20 வோல்ட் பி.டி. ஏற்குமா? அதன் முனை தனியே விலைக்குக் கிடைக்குமா? அம்முனையின் தடை எவ்வளவு? அசைவின்றிக் கிடந்தால் தானே உறங்குமா? முனை கிடைக்காத கோல், மை கிடைக்காத பேனாவை ஒக்கும்.

முனையின் வடிவிலும் கருத்துச் செலுத்துக. ஊசிபோன்ற கூர்முனை நுட்ப வேலைக்கு உரியது என்று பலர் எண்ணி அதனையே நாடுவர். கூர்முனை தொடும் பரப்புக் குறைவு. ஆதலின் வெப்பம் தயங்கியே செல்லும். உளிபோற் பட்டையான முனையோ, சாய்வாகச் சீவிய முனையோ வீட்டு வேலைக்குப் பெரிதும் உதவும். டி.எஸ். வரிசையில் இவற்றை டி24, பி.சி.2 எனக் குறிப்பர்.

சார்ஜரைப் பற்றி இன்னுமொரு செய்தி. இருமுனைச் செருகியுள்ள சார்ஜருக்கு நிலத்தொடர்பு, அதாவது எர்த், கிடையாது. அதனோடு கோலை இணைத்தால், முனையில் மிக மெல்லிய கசிவு மின்சாரம் தோன்றக்கூடும். புறங்கையில் பட்டால் சுருசுருவென்றிருக்கும். நமக்குத் தீங்கில்லையாயினும், நுண்ணிய சில்லுகளுக்கு அது ஆகாது. கோலில் நிலக்கம்பி இணைக்கும் திருகு இருந்தால் பயன்படுத்தலாம். அன்றேல் மென்மையான வேலைகளைப் பவர் பேங்கில் செய்தல் நலம். பழுதுபார்க்கும் பொருளை எப்போதும் மின்தொடர்பிலிருந்து நீக்கி, மின்கலத்தையும் கழற்றிய பின்னரே திறக்க வேண்டும். சுவர் மின்சாரத்தில் நேரே இயங்கும் பெரிய கருவிகளுக்குள், அணைத்த பின்னரும் மின்சாரம் தேங்கி நிற்பதுண்டு. பயிலாதார் அவற்றைத் திறவாதிருப்பதே அறிவுடைமை. லித்தியம் மின்கலத்தின்மேல் நேரே பற்றவைத்தல் எவ்விதத்தும் கூடாது.

வேலை முறை எளியது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் உருகும். அதற்குக் கோலை 320 முதல் 350 டிகிரியில் வைத்தால் போதும். காரீயம் கலவாத வகை சுமார் 217 டிகிரிக்கு மேலேயே உருகுமாதலால் சற்று மிகுதியாக வைக்கலாம். முனையில் பற்றாசை உருக்கிக்கொண்டுபோய் அப்புதல் தவறு. கம்பியையும் பலகையையும் ஒருங்கே முனையால் தொட்டு இரண்டு நொடி சூடாக்கி, சூடான இடத்தில் பற்றாசை நீட்டுக. உருகி ஓடியதும் முதலில் பற்றாசையும், பின்பு கோலையும் எடுத்துவிட்டு, ஆறும்வரை அசைக்காமல் விடுக. நன்றாக அமைந்த இணைப்பு சரிந்த பக்கங்களுடன் கம்பியைத் தழுவி நிற்கும்; தீய இணைப்பு உருண்டையாய்த் திரண்டிருக்கும். வேலை முடிந்து அணைக்குமுன் முனைமேல் சிறிது புதிய பற்றாசைப் பூசி வைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிக் காப்பது போன்றதே இது. முனையை அரம்கொண்டு தேய்த்தால் மேற்பூச்சு அழிந்து அது விரைவில் கெடும். பற்றாசினுள் உள்ள பிசினின் புகை மார்புக்கு ஆகாது. சாளரத்தைத் திறந்து வைத்துக்கொள்க. காரீயம் நஞ்சாதலால், கையைச் சோப்பிட்டுக் கழுவுமுன் எதனையும் உண்ணலாகாது. சமைக்கும் மேடையில் இவ்வேலை வேண்டா.

இவற்றையெல்லாம் வாங்க ரிச்சித் தெருவுக்குத்தான் வரவேண்டும் என்பதில்லை. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத்ராய் மார்க்கெட்டும், மும்பையில் லேமிங்டன் சாலையும், பெங்களூரில் எஸ்.பி. சாலையும், கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட்டும் இவ்வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. இந்தி வழங்கும் ஊர்களில் பற்றாசை ‘ராங்கா’ என்று கேட்கலாம். வங்காளத்தில் பற்றவைப்புக்கு ‘ஜாலாய்’ என்றும், கன்னடத்தில் ‘பெசுகெ’ என்றும் பெயர். சொல் தெரிந்தால் கடைக்காரர் முகம் மலரும். விலையும் சிறிது இறங்கும்.

கோல் வாங்கப் புறப்படுமுன் வீட்டில் உள்ள சார்ஜரின் முதுகை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். “20 வோல்ட்” என்ற வரி அங்கே இருந்தால் பாதிச் செலவு மிச்சம். இல்லையேல் முதற்செலவு அதற்கே ஆகட்டும். பின்பு பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். தில்லி அம்மையாரின் சுருதிப்பெட்டி இரண்டாம் நாள் மாலை மீண்டும் ஒலித்தது. அதனைக் குழந்தைகளின் நடுவே வைத்துவிட்டு, முதல் நாள் பாட இயலாதிருந்த அவர், அன்று முதற்பாட்டைத் தாமே பாடினார்.